‘மருந்து அலர்ஜி: இல்லை’ – 11 வருட மூக்கடைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அவருடைய கோப்பில் ஒரே வரி மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தது: ‘மருந்து அலர்ஜி: இல்லை.’ மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

நோயாளிக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் வந்தது மூக்கடைப்புக்காக. ஆனால் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது வேறு: “போன வாரம் வீட்ல கேஸ் கசிஞ்சிருக்கு டாக்டர். பொண்ணு ஓடி வந்து மூடினா. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியல.”

வாசனை போய் ஆறு வருடம் ஆகிறது என்றார். அதற்காக யாரிடமும் தனியாகப் போனதில்லை. மூக்கடைத்தால் வாசனை தெரியாதுதானே என்று விட்டுவிட்டாராம்.

நோய் வந்த வழி

32 வயதில் ஒரு சளி பிடித்தது, அது போகவே இல்லை. இந்த வரியை அவர் சொன்ன விதத்தை அப்படியே எழுதியிருக்கிறேன், காரணம் பின்னால் புரியும். சிறுவயதில் தும்மல், மூக்கு அரிப்பு, கண் அரிப்பு எதுவும் கிடையாது. 34 வயதில் இரவில் இழுப்பு தொடங்கியது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். 36 வயதில் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று ஓர் இடத்தில் எடுத்தார்கள். 39-இல் இன்னோர் இடத்தில் மறுபடியும் எடுத்தார்கள். இரண்டு முறையும் ஒரு வருடம்கூட முழுதாகத் தாங்கவில்லை.

நடுவில் தோல் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனை. வீட்டுத் தூசிப் பூச்சிக்கு 5 மி.மீ. தடிப்பு வந்தது, மற்ற எதற்கும் இல்லை. அவர் ஆசிரியை, கையில் சுண்ணக்கட்டி, வகுப்பறையில் தூசி. கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ‘அலர்ஜி மூக்கு, அதனால் பாலிப்’ என்று கோப்பில் ஏறியது. பாலிப் என்பது அந்தச் சதைதான். தூசியைத் தவிர்க்கச் சொன்னார்கள். வெள்ளைப் பலகைக்கு மாறினார், மெத்தை உறை மாற்றினார், செட்ரிசின் தினமும் ஒன்று போட்டார். ஒன்றும் மாறவில்லை. யாரோ ஒருவர் மூக்குச் சளியைச் சோதித்ததில் பூஞ்சை வளர்ந்தது என்று மூன்று வாரம் பூஞ்சை மாத்திரையும் கொடுத்திருந்தார். அதற்கும் அசையவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், கடையில் கிடைக்கும் மூக்கு அடைப்பு சொட்டு மருந்தையும் தினமும் இரவில் விட்டுக்கொண்டிருந்தார், இரண்டு வருடமாக. இந்தச் சொட்டு மருந்துகள் ரத்தக்குழாயைச் சுருக்கி மூக்கைத் திறக்கும். ஐந்தாறு நாளைத் தாண்டினால் மருந்து இறங்கும்போது முன்பைவிட மோசமாக அடைக்கும். அதை முதல் நாளே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். முதல் பத்து நாள் என்னைத் திட்டியிருப்பார், நியாயம்தான்.

மூக்குக்குள் பார்த்தபோது

எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டால் இரு பக்கமும் பாலிப். சாம்பல் நிறம், பளபளப்பு, ஒளி ஊடுருவும். ‘உரித்த திராட்சை’ என்று பாடப்புத்தகம் சொல்வது அப்படியே. ஒரு மெல்லிய கம்பியால் தொட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டர்பினேட்டைத் தொட்டபோது மட்டும் கண்ணில் நீர் வந்தது. ‘மூக்கில் சதை வளர்ச்சி’ என்று பொதுவாகச் சொல்வதில் இந்த இரண்டுமே அடங்கிவிடுகின்றன; ஆனால் டர்பினேட் எல்லோருக்கும் இருக்கும் உறுப்பு, இளஞ்சிவப்பு, தொட்டால் வலிக்கும். பாலிப் என்பது வீங்கித் தொங்கும் சளிச்சவ்வு. உள்ளே பெரும்பாலும் நீர்தான், வலி தெரிவிக்கும் நரம்பு அதில் கிட்டத்தட்ட இல்லை.

பாலிப் இரு பக்கமும் இருந்தது ஒரு வகையில் நிம்மதி. ஒரே பக்கம் மட்டும் இருந்தால் வேறு பட்டியலை எடுக்க வேண்டும்: தலைகீழ் பாப்பிலோமா என்ற கட்டி, புற்று, மூளை உறை கீழிறங்கியது என்று. அங்கே ஸ்கேன் இல்லாமல் கத்தரியை எடுப்பவர் தன் அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்.

எண்கள் இவை. பாலிப் அளவு, 8-க்கு 6. நோயாளியே நிரப்பும் ஸ்நாட்-22 கேள்வித்தாளில் 110-க்கு 62. வாசனைச் சோதனையில் 40 வாசனைகளில் 11-ஐத்தான் சரியாகச் சொன்னார்; நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனை அது, குருட்டாம்போக்கில் குறித்தாலே பத்து வரும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 910. அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்புரதமான ஐஜிஇ, மொத்தம் 240. சிடி ஸ்கேனில் கறுப்பாகத் தெரிய வேண்டிய காற்றறைகள் எல்லாம் வெள்ளை. ஸ்கேனில் அடைப்பை அளக்கும் லண்ட்–மக்காய் கணக்கில் 24-க்கு 20.

இன்னொன்றும் ஸ்கேனில் தெரிந்தது. மேல்தாடை சைனஸின் வாசலை மறைத்து நிற்கும் கொக்கி எலும்பு இரு பக்கமும் அப்படியே இருந்தது. இரண்டு முறை ‘சைனஸ் ஆபரேஷன்’ செய்ததாகச் சொன்னாரே, ஒரு சைனஸ்கூடத் திறக்கப்படவில்லை. வெளியே தொங்கியதை மட்டும் இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

12 வாரத்துக்கு மேல் மூக்கடைப்போ மூக்கொழுகலோ, கூடவே வாசனைக் குறைவு அல்லது முகவலி, எண்டோஸ்கோப்பியிலோ ஸ்கேனிலோ ஆதாரம் – நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு இவ்வளவு போதும். பாலிப் இருந்தால் பாலிப்புடன் கூடியது. அந்த மட்டும் சிக்கல் இல்லை.

நான் போட்ட கணக்கு

எனக்கு முன்னால் போட்டவர்களின் கணக்கையே நானும் போட்டேன். தூசிப் பூச்சி அலர்ஜி, அதன் மேல் பாலிப், பக்கத்தில் ஆஸ்துமா. ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்பு நீர்க் கழுவலும் எழுதிக் கொடுத்தேன். “ஏற்கெனவே அடிச்சுப் பார்த்தாச்சு டாக்டர், பலனில்லை” என்றார். சரி, எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள் என்றேன்.

தலையை அண்ணாந்தார். வலது கையால் வலது துளையில் பாட்டிலை நேர் மேலாக வைத்தார், நடுச்சுவரை நோக்கி. அழுத்தினார். உடனே பலமாக உறிஞ்சி, விழுங்கி, முகத்தைச் சுளித்தார். மருந்தில் பெரும்பகுதி தொண்டைக்குப் போனது. மீதி நடுச்சுவரில் பட்டது; அங்கே ஏற்கெனவே ஒரு சிறு ரத்தக் காய்ப்பு இருந்தது. நான்கு வருடமாக இப்படித்தான் அடித்திருக்கிறார். யாரும் அடித்துக் காட்டச் சொன்னதில்லை. தலையைச் சற்று முன்னால் குனிந்து, எதிர்க் கையால் பிடித்து, நுனியை அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திருப்பி, மெதுவாக மூச்சிழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆயிரம் மருந்தாராய்ச்சிக் கட்டுரை படித்தவர்களும் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிப்பதில்லை. நானும் பல நாள் செலவழிப்பதில்லை.

ஆறு வாரம் கழித்து வந்தார். மூக்கு கொஞ்சம் தேவலாம், வாசனை இல்லை. இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன். நான்காவது நாள் வாசனை வந்தது. மாத்திரை முடிந்த ஒன்பதாவது நாள் போய்விட்டது. இது நல்ல செய்தி, ஒரு விதத்தில். நரம்பு சாகவில்லை, பாதைதான் அடைத்திருக்கிறது, அழற்சி ஸ்டீராய்டுக்கு இறங்கும் வகை என்று தெரிந்தது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையையே வருடக்கணக்கில் நம்ப முடியாது. எலும்பு, சர்க்கரை, கண் புரை என்று விலை கேட்கும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தோம்.

இங்கே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அலர்ஜி மூக்கு என்பது பெரும்பாலும் சிறுவயதிலோ இளமையிலோ தொடங்கும். தும்மல், அரிப்பு, நீராக ஒழுகல், கண் சிவப்பு என்று வரும். வாசனை அதில் கொஞ்சம் மங்கலாம், இப்படித் துடைத்தெடுத்தாற்போல் போகாது. இவருக்கோ 32 வயதில் ஒரு சளியோடு ஆரம்பம், அரிப்பு இல்லை, இரண்டு வருடத்தில் ஆஸ்துமா, வெட்ட வெட்ட வளரும் பாலிப். இந்த வரிசைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் உடனே எழுதியிருப்பேன்.

கேள்வியை மாற்றிக் கேட்டவர்

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு மயக்க மருந்து மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். கோப்பில் ‘மருந்து அலர்ஜி: இல்லை’ என்பதைப் படித்துவிட்டு, அதை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். நான் பக்கத்து அறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது.

“தலைவலி வந்தா எந்த மாத்திரை போடுவீங்க?”

“பாராசிட்டமால் மட்டுந்தான் மேடம்.”

“ஏன் அது மட்டும்?”

“மத்தது எனக்கு ஒத்துக்காது. போட்டா அரை மணி, முக்கால் மணியில மூக்கு குழாயத் திறந்துவிட்ட மாதிரி ஊத்தும். கண்ணு செவந்துரும், நெஞ்சு இறுகிரும். ரெண்டு தடவை எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க.”

“அத ஏன் அலர்ஜின்னு சொல்லல?”

“அது அலர்ஜி இல்லயே மேடம். தடிப்பு, அரிப்பு எதுவும் வரலயே?”

முதல் முறை மாதவிடாய் வலிக்கு ஐபுபுரூஃபன். இரண்டாவது, பல் பிடுங்கிய பிறகு டைக்ளோஃபினாக். இரண்டு முறையும் அவசரப் பிரிவுக் காகிதத்தில் ‘ஆஸ்துமா தீவிரம்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதங்கள் நெஞ்சு மருத்துவரின் கோப்பில் இருந்தன. மூக்கு என் கோப்பில் இருந்தது. மாத்திரை யாருடைய கோப்பிலும் இல்லை.

அறுவைக்குப் பிறகு எழுதும் மருந்துத் தாள் எங்களிடம் முன்பே அச்சடித்து வைத்திருப்பது. அதில் மூன்றாவது வரி: டைக்ளோஃபினாக், ஒரு நாளைக்கு இரண்டு. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வலி மாத்திரைக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைக்கு (ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் இதில் அடக்கம்) எதிர்வினை – இந்த மூன்றும் சேர்ந்தே வரும் என்பதை 1922-இல் பிரான்சில் ஃபெர்னான் விடாலும் அவர் குழுவினரும் எழுதினார்கள். அது பரவலாகப் போய்ச் சேரவில்லை. 1968-இல் மாக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பியர்ஸும் விரிவாக எழுதிய பிறகே ‘சாம்டர் மும்மை’ என்ற பெயர் நிலைத்தது. இன்றைய பெயர், ஆஸ்பிரினால் தீவிரமாகும் சுவாச நோய். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது; தீவிர ஆஸ்துமா என்றால் அது சுமார் இரட்டிப்பு. அரிய நோயே அல்ல. வழக்கமாக முப்பதுகளில், ‘போகாத சளி’யாகத் தொடங்கும். நான் அவருடைய வார்த்தையைக் குறித்து வைத்தும் அதைக் கேட்காமல் விட்டேன்.

நோயாளி சொன்னதில் ஒரு உண்மை உண்டு: இது அலர்ஜி இல்லை. ஐபுபுரூஃபனுக்கும் டைக்ளோஃபினாக்குக்கும் ஆஸ்பிரினுக்கும் வேதி அமைப்பு வேறு வேறு. அலர்ஜி என்றால் ஒன்றைத்தான் உடல் அடையாளம் கண்டு எதிர்க்கும். மூன்றையும் ஒரே மாதிரி எதிர்ப்பானேன்? 1971-இல் பிரிட்டன் மருந்தியலாளர் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் ப்ராஸ்டகிளாண்டின் என்ற, உடலே சுரக்கும் வேதிப்பொருளின் தயாரிப்பைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1975-இல் போலந்து மருத்துவர் ஆந்த்ரே ஷெக்லிக் அந்த நூலைப் பிடித்து இழுத்தார்: ப்ராஸ்டகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ் நொதியை எவ்வளவு வலுவாகத் தடுக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த மாத்திரை இந்த நோயாளிகளுக்கு இழுப்பைக் கிளப்புகிறது. ஆக, பிரச்சினை மருந்தின் உருவத்தில் இல்லை, அது செய்யும் வேலையில்.

இவர்களின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் மாஸ்ட் செல்கள், ஈசினோஃபில்கள் ஆகிய அழற்சி செல்கள் எப்போதும் பாதி விழித்த நிலையில் இருக்கும். அவற்றை அடக்கி வைத்திருப்பது ப்ராஸ்டகிளாண்டின் ஈ2. அதுவே இவர்களிடம் குறைவாகத்தான் சுரக்கிறது. காக்ஸ்-1 நொதியை மாத்திரை அடைத்ததும் அந்தக் கொஞ்சமும் நின்றுபோகிறது, பிரேக் கழன்ற வண்டி. அழற்சியைக் கிளப்பும் லுகோட்ரையீன் என்ற வேதிப்பொருட்கள் கொட்டுகின்றன. மூச்சுக்குழலைச் சுருக்குவதில், அலர்ஜியில் வெளிப்படும் ஹிஸ்டமினைவிடப் பல மடங்கு வீரியம் அவற்றுக்கு. தினமும் ஒரு செட்ரிசின் போட்டு இவருக்குப் பலனில்லாமல் போனதற்கு இது ஒரு காரணம்; அது தடுப்பது ஹிஸ்டமினை.

பாராசிட்டமால் 500 மி.கி. அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். 1000-க்குப் போனால் சிலருக்குத் தொந்தரவு வரலாம். காக்ஸ்-2-ஐ மட்டும் தடுக்கும் செலிகாக்ஸிப் பொதுவாகப் பாதுகாப்பானது. மதுவும் இவர்களில் பலருக்கு மூக்கை அடைக்கும். முதல் சந்திப்பிலேயே கேட்கத் தகுந்த இன்னொரு கேள்வி அது.

ஒரு தவறான நம்பிக்கை: மாத்திரையைத் தவிர்த்தால் நோய் அடங்கிவிடும். அடங்காது. இவர் பல வருடமாகத் தானாகவே தவிர்த்து வந்தவர். மாத்திரை தீக்குச்சி, அடுப்பு அதற்கு முன்பே எரிந்துகொண்டிருக்கிறது.

அந்த 5 மி.மீ. தடிப்பு

சோதனை பொய் சொல்லவில்லை. தூசிப் பூச்சிக்கு எதிரான ஐஜிஇ அவர் உடம்பில் இருக்கிறது. தொந்தரவே இல்லாத பலரிடமும் அது இருக்கிறது. சோதனை சொன்னது ‘உடல் இதை அடையாளம் கண்டிருக்கிறது’ என்பதை. நாங்கள் படித்துக்கொண்டது ‘இதனால்தான்’ என்று.

பூஞ்சையும் அதே கதை. 1999-இல் மேயோ கிளினிக்கில் நாள்பட்ட சைனஸ் நோயாளிகள் 210 பேரின் சளியைத் துல்லியமாகச் சோதித்ததில் 96 விழுக்காட்டினரிடம் பூஞ்சை கிடைத்தது. பெரிய பரபரப்பு. ஆனால் அதே ஆய்வில் ஒப்பீட்டுக்காக எடுத்த ஆரோக்கியமானவர்கள் அத்தனை பேரிடமும் பூஞ்சை இருந்தது. காற்றில் இருப்பது மூக்கில் இருக்கத்தான் செய்யும். பூஞ்சைக்கொல்லி மருந்தால் மூக்கைக் கழுவிப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வு 2006-இல் வெளிவந்தது, பலன் இல்லை. பூஞ்சைக்கு உடல் அலர்ஜியாக எதிர்வினை காட்டும் தனி சைனஸ் நோய் ஒன்று உண்டு. அதற்குத் தனி அடையாளங்கள் வேண்டும். இவருடைய ஸ்கேனிலும் பின்னால் திசுப் பரிசோதனையிலும் அவை இல்லை.

அலர்ஜிக்கும் பாலிப்புக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நடு டர்பினேட்டும் நடுச்சுவரின் மேற்பகுதியும் மட்டும் வீங்கி, ஓரத்துச் சைனஸ்கள் ஓரளவு சுத்தமாக இருக்கும் ஒரு வடிவத்தை அண்மை ஆண்டுகளில் பிரித்துச் சொல்கிறார்கள். மூச்சில் வரும் அலர்ஜிப் பொருளோடு அதற்கு நெருங்கிய உறவு. ஸ்கேனில் நடுவில் மட்டும் வெள்ளை தெரியும். இவருக்கு நடு, ஓரம் என்ற வித்தியாசமே இல்லை, எல்லாம் வெள்ளை.

அப்படியானால் மொத்த ஐஜிஇ 240 ஏன்? 2001-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து கிளாஸ் பாஹெர்ட்டின் குழு காட்டியது இது: பாலிப் திசு தனக்குள்ளேயே ஐஜிஇ-யைத் தயாரிக்கிறது, அதில் ஒரு பங்கு ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சுப்புரதங்களுக்கு எதிரானது. தோல் சோதனையில் எதற்குமே தடிப்பு வராதவரிடமும் இது நடக்கும். ஐஜிஇ உயர்ந்திருப்பதால் மட்டும் வெளியே ஒரு குற்றவாளி இருக்கிறான் என்று ஆகாது.

அறுவை

அறுவையைத் தள்ளிவைக்கவில்லை, மருந்துத் தாளை மட்டும் கிழித்தோம். எல்லா சைனஸ்களையும் முழுதாகத் திறந்தேன்.

மேல்தாடை சைனஸைத் திறந்ததும் உறிஞ்சுகுழாய் அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்தது சளி என்று சொல்ல முடியாது. கெட்டியான, பழுப்பு மஞ்சள் பசை. இடுக்கியால் பிடித்து இழுத்தால் கயிறாக வந்தது. நுண்ணோக்கியில் அந்தப் பசை முழுக்க உடைந்த ஈசினோஃபில்கள். அவற்றுக்கு நடுவே இரு முனையும் கூரான ஊசிப் படிகங்கள். சார்க்கோ–லெய்டன் படிகம் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெயர் உண்டு. வெறும் குப்பை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2019-இல்தான் படிகமே அழற்சியைத் தூண்டுகிறது, எதிர்ப்புரதம் கொடுத்தால் கரைகிறது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். அந்தப் பசையைச் சொட்டு விடாமல் எடுக்க நான் கூடுதலாக முக்கால் மணி நேரம் செலவழித்ததற்கு எனக்கு அதுவே சமாதானம்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருத்துவர் மெஸ்ஸர்க்ளிங்கர் எண்டோஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பார்த்தது, சைனஸுக்குள் சளி எங்கே போகிறது என்பதை. கீழே பெரிய ஓட்டை போட்டு வைத்தாலும் நுண்மயிர்கள் அதை மேலே இருக்கும் இயற்கை வாசலுக்குத்தான் தள்ளும். அந்த வாசலைத் திறப்பதுதான் 1985-இல் டேவிட் கென்னடி பெயர் சூட்டிய ‘செயல்சார்’ அறுவை. இவரைப் போன்றவர்களுக்கு எனக்கு அந்த நோக்கம் இரண்டாம் பட்சம். இங்கே வாசலைத் திறப்பது, பிறகு மருந்து உள்ளே போவதற்காக. அறுவை மட்டுமே இந்த நோயைத் தீர்க்கும் என்று நோயாளியிடம் சொல்பவர் அடுத்த அறுவைக்கு இப்போதே தேதி கொடுக்கிறார்.

திசுப் பரிசோதனையில் ஒரு பார்வைப் புலத்துக்கு ஈசினோஃபில் நூற்றுக்கும் மேல். பத்தே போதும், இரண்டாம் வகை அழற்சி, அதாவது ஈசினோஃபில் முன்னிற்கும் அழற்சி என்று சொல்ல. வலிக்குப் பாராசிட்டமால் 500. பிறகு தினமும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு கலந்த உப்பு நீரால் இரு பக்கமும் கழுவல். கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம்.

ஆஸ்பிரினையே மருந்தாக

இந்த நோயில் எனக்கு இன்னும் வியப்பு தீராத பகுதி இது. அறுவை முடிந்து ஐந்தாம் வாரம், நெஞ்சு மருத்துவரின் கண்காணிப்பில், மருத்துவமனைக் கட்டிலில் வைத்து அவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தோம். வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாதது. லுகோட்ரையீனைத் தடுக்கும் மாண்டிலுகாஸ்ட் மாத்திரையை முன்பே தொடங்கியிருந்தோம், எதிர்வினையின் கூர்மையை மழுக்க.

காலையில் 40 மி.கி. ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து 81. ஐம்பதாவது நிமிடம் கைக்குட்டையை எடுத்தார். கண் சிவந்தது. ஊதச் சொன்னோம்: முதல் நொடி மூச்சு 2.1 லிட்டரிலிருந்து 1.6-க்கு இறங்கியிருந்தது. நெபுலைசர் வைத்தோம். “இதேதான், இதேதான்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பயத்தைவிட, இத்தனை பேருக்கு முன்னால் நிரூபணமாகிவிட்ட திருப்தி அந்தக் குரலில் இருந்தது. ரத்தச் சோதனையோ தோல் சோதனையோ இந்த நோயைச் சொல்லாது. இப்படிக் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே உறுதியான சோதனை.

மூன்று மணி நேரம் கழித்து அதே 81 மி.கி. மறுபடியும். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் 162. மறுநாள் 325, பிறகு 650. எதுவுமே இல்லை. இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு அனுப்பிய அதே வகை மருந்து, இப்போது விழுங்கிவிட்டுப் பத்திரிகை படிக்கிறார். இந்தச் சகிப்பு தினமும் மாத்திரை போடும்வரைதான். இரண்டு மூன்று நாள் விட்டால் கரைந்துவிடும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. தினமும் 650 மி.கி. இருவேளை என்று அனுப்பினோம், வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு.

ஏழு மாதம் நன்றாகப் போனது. பாலிப் இல்லை, வாசனை 40-க்கு 26. எட்டாவது மாதம் கறுப்பாக மலம் போகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 12.4-லிருந்து 9.8. இரைப்பையில் புண். பாதுகாப்பு மாத்திரையை மூன்று மாதம் முன்பே நிறுத்தியிருந்தார், வயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்று. ஆஸ்பிரினை அன்றே நிறுத்தினோம்.

14-ஆம் மாதம் பாலிப் திரும்பியிருந்தது, 8-க்கு 4. அதற்குள் இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டி வந்தது. வாசனை போயிருந்தது. இந்த முறை கேஸ் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வீட்டில் மாட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

ஊசி

உயிரியல் மருந்து, அதாவது அழற்சியின் ஒரு குறிப்பிட்ட கண்ணியை மட்டும் தடுக்கும் ஊசி, யாருக்கு என்பதற்குச் சைனஸ் நோய்க்கான ஐரோப்பிய வழிகாட்டியின் 2020 பதிப்பில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அறுவை செய்தும் இரு பக்கமும் பாலிப். அதோடு ஐந்தில் மூன்று: இரண்டாம் வகை அழற்சிக்குச் சான்று, வருடத்தில் இரண்டு முறையாவது ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டது, ஸ்நாட்-22 நாற்பதோ அதற்கு மேலோ, வாசனை இழப்பு, ஆஸ்துமா. இவருக்கு ஐந்தும் இருந்தன.

டூபிலுமாப் கொடுத்தோம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதங்களான இன்டர்லூக்கின் 4, 13 இரண்டும் வந்து தட்டும் பொதுக் கதவை இது அடைக்கிறது. 724 பேரை வைத்து நடந்த சைனஸ்-24, சைனஸ்-52 ஆய்வுகள் 2019-இல் வெளிவந்தன. அமெரிக்காவில் அந்த ஆண்டு ஜூனில் பாலிப்புக்கு அனுமதி கிடைத்தது. ஐஜிஇ-யைப் பிடிக்கும் ஒமாலிசுமாப் 2020-இலும், இன்டர்லூக்கின் 5-ஐப் பிடிக்கும் மெபோலிசுமாப் 2021-இலும் வந்தன. இந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வெற்றிக் கணக்கைவிட ஒரு சோகக் கணக்கு: சைனஸ்-24-இல் 24 வாரத்தோடு ஊசியை நிறுத்தியவர்களுக்கு நோய் மெல்லத் திரும்பியது. இது நோயை அழிக்கும் மருந்து இல்லை, அமுக்கிப் பிடிக்கும் மருந்து. ஆரம்பிக்கும் நாளிலேயே இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் எட்டும் மருந்தும் இல்லை; அதனால்தான் இவருக்கு முதலில் ஆஸ்பிரின் வழியை முயன்றோம். இரைப்பைப் புண்ணை முன்கூட்டியே பார்க்க முடிந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேனா என்று கேட்டால், போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். முதலில் திரும்பிய வாசனை, சரியாகக் காயாத துணியின் முடை நாற்றம். அலமாரியைத் திறந்ததும் அடித்ததாம். இத்தனை வருடமாக அதை உடுத்திக்கொண்டா பள்ளிக்குப் போனேன் என்று கேட்டுச் சிரித்தார்.

12-ஆம் வாரம் ரத்தத்தில் ஈசினோஃபில் 1900-க்கு ஏறியது. டூபிலுமாப்பில் இது நடப்பதுண்டு. ஈசினோஃபில் திசுவுக்குள் நுழையும் வழி அடைபடுவதால் ரத்தத்தில் தேங்குகிறது. பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆனாலும் கை கால் மரத்துப்போதல், தோலில் புள்ளிகள், நெஞ்சு ஸ்கேனில் மாற்றம் என்று ரத்தக்குழாய் அழற்சியின் அடையாளம் ஏதாவது தெரிகிறதா என்று தேடிப் பார்த்தோம், இல்லை. ஆறாம் மாதம் 700-க்கு இறங்கியது.

கடைசியாகப் பார்த்தபோது

அறுவை முடிந்து 30 மாதம். பாலிப் 8-க்கு 1. ஸ்நாட்-22 பதினான்கு. வாசனை 40-க்கு 29. ஸ்டீராய்டு மாத்திரை ஒரு வருடத்துக்கு மேலாக இல்லை. தினமும் கழுவல் தொடர்கிறது. ஊசியின் இடைவெளியை நான்கு வாரத்துக்கு நீட்டிப் பார்க்கிறோம். தாங்குகிறதா என்று அடுத்த எண்டோஸ்கோப்பிதான் சொல்லும். ஊசி போடுகிறவர்களில் சிலருக்கு வலி மாத்திரையும் ஒத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்று அறிக்கைகள் வருகின்றன. இவரிடம் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

புதிதாக ஒரு குறையோடு வந்திருந்தார். வெள்ளைப் பலகைப் பேனாவின் நெடி தாங்கவில்லையாம், நாலாவது பீரியடுக்குள் தலை வலிக்கிறதாம்.

“என்ன மாத்திரை போட்டீங்க?” என்று கேட்டேன்.

“பாராசிட்டமால் ஐநூறு. நீங்க கேப்பீங்கன்னு தெரியும் டாக்டர், அட்டையைக் கொண்டு வந்திருக்கேன்” என்று பையைத் திறந்தார்.